முத்திரையிட்ட ஏடு

சென்ற திங்கள் இப்பகுதியில் உயில் எழுதும் முறை பற்றிச் சில சொற்கள் எழுதியிருந்தோம். அது குறித்து மேலும் கேட்டறிய வந்தவர் பலர். அவர்களுள் ஓர் அம்மையார் உயிலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சங்கத்து நூல்நிலையம் மூடும் நேரம் வரை ஒரு மூலையில் காத்திருந்து, மற்றவர்கள் எழுந்து போன பிறகு, "அண்ணா, ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இரண்டு இருக்க முடியுமா?" என்று வினவினார்.

அக்குடும்பத்தை நாம் நீண்ட நாட்களாக அறிவோம். தஞ்சைச் சீமையிலிருந்து பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து 38 ஆண்டுகள் ஆகின்றன. மகப்பேறு இல்லாமையால், 1997-ஆம் ஆண்டில், இங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து நீதிமன்றத்தின் அனுமதியோடு மூன்று மாதப் பெண் மகவு ஒன்றைத் தத்து எடுத்து வளர்த்தனர். அம்மகள் இன்று இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறாள். உடன் தங்கியிருக்கும் ஆங்கிலத் தோழியும் தத்து எடுக்கப்பட்டவளாம். அத்தோழிக்கு அரசாங்கத்தினின்றும் ஒரு நீண்ட தாள் வந்ததாம். அதில் பெற்ற தாயின் பெயர், பிறந்த மருத்துவமனை, தாயின் அன்றைய முகவரி எல்லாம் இருந்தனவாம். அன்றிரவே மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, எனக்கும் அப்படி ஒன்று எங்கேயாவது இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள்.

தான் வயிற்றில் பிறந்த மகள் அல்லள் என்பது அவளுக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். மறைக்கவில்லை என்று அம்மையார் கூறினார். முழுவதையும் சொல்லிவிடவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துக் கூறினார். அதைக் கடைசியில் சொல்வோம். பெயரை விடுத்து மற்றவற்றை எழுத அவரே இசைவு தந்தார். தம்மைப் போன்றோர் வேறு வீடுகளிலும் இருப்பர் என்பது அவர் எண்ணம். முதலில் அந்தத் தோழியின் கைக்கு வந்த தாளைப் பற்றிப் பேசுவோம். அது எளிதில் வந்த தாள் அன்று.

இங்கிலாந்தில் 1926-ஆம் ஆண்டு வரையில் தத்து என்பதற்குச் சட்டமே கிடையாது. பிறர் குழந்தைகளை எடுத்து வளர்ப்போர் இருந்தனர். ஆயினும் வளர்த்தவரின் உரிமைக்குச் சட்டத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. நம் தர்மசாஸ்திரங்களில் தத்துக்கு எத்துணையோ விதிகள் உண்டு என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் சாஸ்திரம் தேடியது குலம் விளங்க ஒரு பிள்ளையை. கதியற்ற குழந்தைக்கு ஒரு வீட்டைத் தேடித் தருவது அதன் நோக்கமாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரண்டாவது காரியத்திற்காகவே பிறந்தது.

சட்டத்தோடு ஓர் ஏடும் பிறந்தது. பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் முதற் பதிவு அப்படியே இருக்கும். தத்துக் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் அதன் ஓரத்தில் சேரும். தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென்றே வைக்கப்பட்ட வேறோர் ஏட்டில், வளர்ப்புப் பெற்றோரின் பெயரோடு புதிய பதிவு எழுதப்படும். இரண்டு ஏடுகளிலிருந்தும் எவரும் நகல் பெறலாம். ஆனால், இந்தப் பிள்ளையே அந்தப் பிள்ளை என்று இரண்டையும் இணைத்துக் காட்டும் குறிப்பேடு ஒன்று உண்டே, அது தலைமைப் பதிவாளரின் பூட்டுக்குள் இருந்தது; நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி எவருக்கும் காட்டப்பட மாட்டாது. பொதுவாகப் பொருளைத்தான் பூட்டி வைப்பார்கள். இங்கே பொருள்கள் இரண்டும் வெளியில் கிடக்க, அவற்றைக் கட்டியிருந்த கயிறு மட்டும் பூட்டுக்குள் இருந்தது. 1947-இல் பெற்றோர் பெயரே இல்லாத குறுஞ் சான்றிதழ் ஒன்றையும் அந்நாட்டார் வழக்கில் கொண்டுவந்தனர். மணமாகாத தாய்க்குப் பிறந்தவரும் தத்துப் பிள்ளையும் பள்ளியிலும் பணியிடத்திலும் தலைகுனியாதிருக்க அது உதவிற்று.

இவையெல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே தீவின் வடபகுதியாகிய ஸ்காட்லாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம், 17 வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் முதற் பதிவைக் காணலாம் என்று தொடக்கத்திலேயே இடம் கொடுத்துவிட்டது. ஆக, ஒரே முடியின் கீழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பகுதி திறந்தும் மறு பகுதி மூடியும் இருந்தன. வடக்கே குடும்பங்கள் ஒன்றும் குலைந்துவிடவில்லை. அங்கு ஏட்டைக் காண வந்தவர்களுள் 70 பேரைச் சந்தித்து விசாரித்த ஜான் டிரிசிலியோட்டிஸ் என்னும் ஆராய்ச்சியாளர், 1973-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பழி தீர்க்கும் எண்ணத்தோடு வந்தவர்களை அவர் காணவில்லை. தம் பிறப்புச் செய்தியைக் காலம் கடந்தோ, பிறர் வாயிலாகவோ, சண்டையின் நடுவிலோ அறிந்தவர்களே மிகுதியும் துன்புற்றிருந்தனர். இந்த ஆராய்ச்சியும், 1972-இல் ஹௌட்டன் குழு அளித்த அறிக்கையும் சேர்ந்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் மனத்தை மாற்றின.

1975-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 26-ஆம் பிரிவாக அவ்வுரிமை இடம்பெற்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பியவர் தம் முதற் பிறப்புப் பதிவின் விவரத்தைக் கேட்டுப் பெறலாம். பத்திரிகைகளில் சில, மறைந்து வாழும் தாய்மாரின் வீட்டு வாயில்களில் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள் என்று அச்சுறுத்தின. அவ்வாறு நடக்கவில்லை. எனினும், ஒருபோதும் வெளிப்படாது என்ற நம்பிக்கையில் முன்னாளில் குழந்தையைக் கொடுத்த தாய்மாரை எண்ணி ஒரு தடுப்பு வைத்தனர்: 1975 நவம்பர் 12-ஆம் தேதிக்கு முன் தத்தெடுக்கப்பட்டவர், இதற்கெனப் பயின்ற ஆலோசகர் ஒருவரைச் சந்தித்த பின்னரே விவரத்தைப் பெற முடியும். இவ்விதி இன்றும் உண்டு.

அவ்வுரிமையும் எல்லையற்றதன்று. இரண்டு கொலைகள் செய்து, காவலுடன் கூடிய மனநோய் மருத்துவமனையில் இருந்த ஒருவர் தம் முதற் பதிவைக் கேட்டபோது, தலைமைப் பதிவாளர் மறுத்தார். பெற்ற தாயின் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற அச்சத்தால் நீதிமன்றமும் அம்மறுப்பை ஏற்றது. 1991-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் அவ்வழக்கைக் காணலாம்.

அந்தத் தாளில் அப்படி என்னதான் இருக்கிறது? பிறந்த நாள், பிறந்த இடம், முதலில் இட்ட பெயர், தாயின் பெயர், பதிவு செய்தவரின் முகவரி, அவருடைய கையொப்பம். தந்தையின் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். சொத்து கிடையாது, புகைப்படம் கிடையாது. பலரும் நினைப்பதுபோல் குடும்ப நோய்களைப் பற்றிய குறிப்பும் அதில் கிடையாது. 'மருத்துவர் கேட்கிறார், அதனால்தான் வேண்டும்' என்று சொல்வோர் உண்டு. உண்மைதான், மருத்துவர் கேட்பார். ஆயினும் நமக்குத் தோன்றுவது: பிறர் முகம் சுளிக்காத காரணம் என்பதனாலேயே அதை முன்னால் நிறுத்துகிறார்கள். ஊரார் எல்லோரும் தம்மைப் பற்றி அறிந்திருக்கும் ஒன்றைத் தாம் மட்டும் அறியலாகாது என்று அரசாங்கம் சொல்வதே உள்ளே அரிக்கும் வருத்தம். அதற்கு மருத்துவக் காரணம் எதற்கு?

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஏட்டையே மாற்றி எழுதினார்கள். தத்து முடிந்ததும், வளர்ப்புப் பெற்றோரே ஈன்றெடுத்ததுபோல் புதிய பிறப்புச் சான்றிதழ் ஒன்று ஆயத்தமாகும்; பழையது உறையிலிடப்பட்டு முத்திரை வைக்கப்படும். இப்பழக்கம் 1930-களில் மாநிலம் மாநிலமாகப் பரவிற்று. அதற்கு முன்பே, 1917-இல், மினசோட்டா மாநிலம் தத்து பற்றிய நீதிமன்றக் கோப்புகளை மறைத்திருந்தது. ஆனால் அது ஊராரின் கண்ணுக்குத்தான் மறைத்தது, சம்பந்தப்பட்டவர்கள் பார்க்கலாம். முறை கெட்டுப் பிறந்த குழந்தை என்று எழுதியிருப்பதைப் பிறர் படித்து ஏளனம் செய்யலாகாது என்பதும், பெற்றவள் திரும்பி வந்து வளர்ப்புக் குடும்பத்தைக் கலைக்கலாகாது என்பதும் அன்றைய நோக்கங்கள். வளர்ந்து ஆளான பிள்ளைக்கே மறைப்பது பின்னால் மெல்ல மெல்ல நுழைந்த வழக்கம். ஆரெகன் மாநிலம் 1957-இல் மூடிற்று. பென்சில்வேனியாவோ 1984 வரை திறந்து வைத்திருந்து பிறகு மூடிற்று. கான்சாஸ், அலாஸ்கா என்னும் இரண்டு மாநிலங்கள் மட்டும் ஒருபோதும் மூடவில்லை.

மூடிய ஏட்டின் நிழலில் என்னென்ன வளரும் என்பதற்கு டென்னெஸ்ஸி மாநிலத்து மெம்பிஸ் நகரமே சான்று. அங்கு ஜார்ஜியா டான் என்னும் பெண்மணி குழந்தைகள் இல்லம் ஒன்றைப் பல்லாண்டு காலம் நடத்தினார். ஏழைத் தாய்மாரிடமிருந்து வஞ்சகமாகவும் சில வேளை வலிந்தும் கவர்ந்த குழந்தைகளை, செல்வர்களிடம் பெருந்தொகை பெற்றுக்கொண்டு கொடுத்து வந்தார். சுமார் 5,000 குழந்தைகள் அவர் கை வழியே சென்றிருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். 1950 செப்டம்பரில் மாநில ஆளுநர் விசாரணையை அறிவித்தார். சில நாட்களில் அம்மாது நோயால் இறந்தார். முத்திரையிட்ட கோப்புகள் குழந்தையின் மானத்தைக் காத்தனவோ இல்லையோ, அவரை நன்றாகவே காத்தன. அந்த மாநிலம் தன் ஏடுகளைத் திறக்க 1995-இல் சட்டம் செய்து, வழக்குகளைக் கடந்து, 1999-இல்தான் அதை முழுமையாக நடைமுறைப்படுத்த முடிந்தது.

வாய் திறந்து கேட்ட முதல்வர்களுள் ஒருவர் ஜீன் பேட்டன். தாமும் தத்துப் பிள்ளை. சமூகப்பணியில் பயிற்சி பெற்றவர். தத்தெடுக்கப்பட்டு வளர்ந்து ஆளான 40 பேரின் அனுபவங்களைத் திரட்டி 1954-இல் அவர் ஒரு நூலாக வெளியிட்டார். அதுவரை தத்தெடுப்பைப் பற்றிப் பேசியவர் அனைவரும் அதிகாரிகளும் பெற்றோரும் மருத்துவருமே. தத்துப் பிள்ளைகள் எப்பொழுதும் பிள்ளைகளாகவே கருதப்பட்டனர், அவர்களுக்கு ஐம்பது வயதானாலும்! நம் வீடுகளிலும் இப்பழக்கம் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாநிலச் சட்டசபைகள் செவிசாய்க்காதபோது, ஆரெகன் மக்கள் 1998 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பிலேயே முடிவு செய்தனர். 21 வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் அசல் சான்றிதழைப் பெறலாம் என்ற முன்மொழிவு வென்றது. பெயர் வெளியிடாத சில தாய்மார் வழக்குத் தொடுத்தனர். தமக்கு இரகசியம் வாக்களிக்கப்பட்டிருந்தது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2000 மே இறுதியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தாய்மாருக்கு ஒரு படிவம் மட்டும் கொடுத்தனர்: 'தொடர்பை விரும்புகிறேன்', 'இடையில் ஒருவர் மூலம் விரும்புகிறேன்', 'இப்போது விரும்பவில்லை' என்று தம் உள்ளத்தை அதில் தெரிவிக்கலாம். சான்றிதழை அது தடுக்காது. சான்றிதழோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுக்கப்படும். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் 2005-இலும், மெய்ன் 2009-இலும், நியூயார்க் 2020 ஜனவரியிலும் திறந்தன. முன்பே கூறிய மினசோட்டா 2024-இல் திறந்தது; ஜார்ஜியா 2025-இல். இன்னும் மூடியிருக்கும் மாநிலங்களும் உண்டு.

தாய்மாருக்கு இரகசியம் வாக்களிக்கப்பட்டது என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. இதுவே இவ்விஷயத்தில் மிகக் கனமான வாதம். பதினேழு வயதில் தனியே ஓர் ஊருக்கு அனுப்பப்பட்டு, பெற்று, கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, மணந்து, பேரன் பேத்தி எடுத்த ஒருத்தியின் வாயிலில் திடீரென ஒருவன் வந்து நின்றால் அவள் கதி என்ன? ஆனால் சட்டத்தின் போக்கைக் கூர்ந்து நோக்கினால் அந்த வாக்குறுதி எங்கும் தென்படவில்லை. அமெரிக்க மாநிலங்களில் தாய் குழந்தையைக் கொடுக்கும்போது சான்றிதழ் முத்திரையிடப்படுவதில்லை. வேறொரு குடும்பம் தத்து எடுத்த பிறகே முத்திரை விழும். எவரும் எடுக்காமல் விடுதியிலேயே வளர்ந்த பிள்ளையின் சான்றிதழில் தாயின் பெயர் அப்படியே இருக்கும். தாயைக் காப்பதே நோக்கமானால் இரண்டு பிள்ளைகளுக்குமன்றோ மறைத்திருக்க வேண்டும்? தான் கையெழுத்திட்ட தாளின் நகல்கூடக் கிடைக்காத தாய்மாரும் பலர்.

இன்னொன்றும் உண்டு. இன்று உமிழ்நீரைச் சிறு குப்பியில் இட்டு அனுப்பினால் மரபணுச் சோதனை செய்து, இன்னார் உனக்கு இரண்டாம் தலைமுறை உறவு என்று சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இச்சோதனை வாயிலாகத் தாயைக் கண்டவர் ஏராளம். ஆனால் அவ்வழியில் செல்பவர் முதலில் கண்டுபிடிப்பது தாயை அன்று. தாயின் அத்தை மகனையோ சித்தப்பா பேத்தியையோதான். தாய்க்குச் செய்தி போய்ச் சேருமுன் உறவினர் பத்துப் பேர் அறிந்துவிடுவர். அசல் சான்றிதழோ ஒரே ஒருவர் கையில் ஒரே ஒரு பெயரைத் தருவது. ஆகவே தாயின் மானத்தைக் காக்க விரும்புவோரும் இன்று திறந்த ஏட்டையே விரும்ப வேண்டும் என்பது நம் துணிபு.

அயர்லாந்தைப் பற்றி ஒரு சொல். சமயக் கட்டுப்பாடு மிகுந்த அந்நாட்டில் 1952-இல் தத்துச் சட்டம் வந்தது. ஏடு திறந்தது 2022 அக்டோபரில். இடையில் எழுபது ஆண்டுகள்! ஏட்டைத் தேடப் புகுந்தபோது மற்றொரு கேடும் வெளிப்பட்டது. ஒரு நிலையத்தின் கோப்புகளில் மட்டும் 126 குழந்தைகள், தத்து என்ற பேச்சே இன்றி, வளர்த்தவர்களுக்கே பிறந்ததாக நேரடியாகப் பதியப்பட்டிருந்தனர் என்று அந்நாட்டரசு 2018-இல் அறிவித்தது. அவர்களுக்குத் திறக்க ஏடே இல்லை. முதற் பதிவே பொய்.

இதைப் படிக்கும்போது நம் நாட்டு நர்சிங் ஹோம்கள் சிலவற்றின் நினைவு வாசகர்களுக்கு வரலாம். குழந்தையில்லாத தம்பதிகளின் ஏக்கத்தைப் பயன்படுத்தி, 'உங்கள் பெயரிலேயே பதிந்து தருகிறோம், ஒரு தொல்லையும் இராது' என்று சொல்லும் இடைத்தரகர்கள் நம்மவர் வாழும் நகரங்களிலும் உண்டு. ஆதரவற்ற குழந்தையைச் சட்டத்தின் வழிக்குப் புறம்பாகக் கொடுப்பதும் பெறுவதும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மூன்றாண்டு சிறைக்கு இடமான குற்றம். விலைக்கு வாங்குவதோ ஐந்தாண்டு. தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். அக்குழந்தை 25 வயதில் ஒரு வினா கேட்டால் விடை சொல்ல உலகில் எந்தத் தாளும் இராது.

நம் நாட்டின் சட்டத்திற்கு இப்போது வருவோம். உறவுக்குள் தத்து கொடுத்து வாங்கும் நம் பழைய வழக்கத்தில் இரகசியம் கிடையாது. அண்ணன் மகனைத் தம்பி எடுத்தான் என்றால் ஊர் முழுவதும் அறியும். பதிவு செய்த பத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் கொண்டவர் பெயரும் அருகருகே இருக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒரு சுவையான விதியைக் கூறுகிறது: தத்துப் போன பிள்ளை, பிறந்த குடும்பத்திலேயே இருந்திருந்தால் யாரை மணக்கலாகாதோ அவரைத் தத்துப் போன பின்பும் மணக்கலாகாது. பிறந்த குடும்பம் எதுவென்று அறியாதவர் இவ்விதியைக் காப்பது எங்ஙனம்? சட்டம் செய்தோர் மனத்தில் இருந்தது உறவுக்குள் நடக்கும் தத்துதான். பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தையை, காப்பாளர் நீதிமன்ற அனுமதியோடு தத்து கொடுக்கலாம் என்ற திருத்தம் 1962-இல்தான் வந்தது.

இல்லங்களிலிருந்து எடுக்கப்படும் குழந்தைகளின் நிலை வேறு. வெளிநாட்டார் நம் குழந்தைகளைத் தத்து எடுப்பது பற்றி 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிகளை வகுத்தது. வயது முதிர்ந்த பின் பிள்ளை தன்னைப் பெற்றவரைப் பற்றி அறிய விரும்பினால் சொல்வதில் பெரிய ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் சொல்வதும் சொல்லாததும் வளர்ப்புப் பெற்றோரின் விருப்பம் என்று நீதியரசர் பகவதி அதில் எழுதினார். குழந்தை இயன்ற வரையில் தன் பெற்றோரை அறியும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. பிறப்பு விவரங்களைப் பேணிக் காக்கச் சொல்லும் ஹேக் உடன்படிக்கையை 2003-இல் ஏற்றது. இன்று வழக்கிலுள்ள 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 'வேர் தேடல்' என்றே ஒரு விதி உண்டு. 18 வயது நிரம்பிய பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம். குறைந்த வயதினர் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தத்து கொடுத்த நிறுவனமும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், மாநில, மத்திய தத்தெடுப்பு அமைப்புகளும் உதவக் கடமைப்பட்டவை. மூன்றாம் மனிதர் எவரும் இத்தேடலில் நுழையலாகாது. பெற்றவர் பெயரை மறைக்குமாறு முன்பே கேட்டிருந்தால் அவருடைய எழுத்து மூலமான இசைவைப் பெற வேண்டும்; அவர் மறுத்தாலும், அகப்படாவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில், என்ன காரணத்தால் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தின் விதிக்கும் நம் விதிக்கும் வேற்றுமை தெளிவு. அங்கே தாள் பிள்ளையின் உரிமை. இங்கே தாயின் சொல்லுக்கு முதலிடம். நம் சமூகத்தில் அத்தாய்க்கு நேரக்கூடியதை எண்ணினால் இந்தத் தயக்கம் நமக்கு விளங்குகிறது. காரணத்தையாவது சொல்லியே தீர வேண்டும் என்ற பகுதி மிக நன்று. 

ஆனால் ஏடு திறந்தாலும் அதில் எழுத்து இருக்க வேண்டுமே. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் சொல்லாமல் குழந்தையைத் தொட்டிலில் இட்டுச் செல்லலாம் என்பதே அதன் உயிர்நாடி. பல பெண் குழந்தைகள் உயிர் பிழைத்து, இன்று முப்பது வயதை எட்டிய பெண்களாய் இருப்பர். எவரேனும் வேர் தேடிச் சேலத்திற்கு வந்தால், கிடைத்த நாளும் குழந்தையின் எடையும் அன்றி வேறு என்ன கிடைக்கும்? அதைக் குறையென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

அம்மையாரிடம் இவற்றில் ஒரு பகுதியைத்தான் அன்று சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர் கைப்பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். நீதிமன்ற ஆணையின் நகலோடு, இல்லத்தார் 1997-இல் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் அதில் இருந்தது. 'பெற்ற தாயே நேரில் வந்து, ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்த குழந்தை' என்று அதில் கண்டிருந்தது. பெயர் இல்லை.

"உன் அப்பாவும் அம்மாவும் விபத்தில் போய்விட்டார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம், அண்ணா. பத்து வயதுக் குழந்தையிடம் வேறு எப்படிச் சொல்வது? இப்போது அவள் விண்ணப்பம் போட்டால் இந்தத் தாள் வெளியே வந்துவிடுமே," என்றார்.

தாள் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றோம். வேறு யோசனை நம்மிடம் இல்லை. "என்னை வெறுத்துவிட்டால்?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் விடையும் இல்லை. அவர் கணவர் வெளியே வண்டியில் காத்திருந்தார். உள்ளே வர மனமில்லை போலும்.

பன்னிரண்டு நாட்கள் கழித்து அம்மையார் மீண்டும் வந்தார். சொல்லிவிட்டாராம். மகள் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டாளாம். இரண்டு நாட்கள் அழைப்பு இல்லை. மூன்றாம் நாள் இரவு அழைத்தாள். பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"அந்தப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாளா அம்மா, கைநாட்டு வைத்தாளா?" என்று மட்டும் கேட்டாளாம்.

கடிதத்தில் அது இல்லை. பத்திரம் இல்லத்துக் கோப்பில் இருக்க வேண்டும். தாயும் மகளுமாகச் சேர்ந்து விண்ணப்பத்தை எழுதி மாநில அமைப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். சட்டப்படி மகளின் ஒப்பம் மட்டுமே போதும் என்று நாம் சொல்லியும், இருவருடைய ஒப்பமும் அதில் இருக்கிறது.